மாமா தருவதாகச் சொன்ன சீர்

ராயக்கோட்டை
9 நவம்பர் 2024

சுரேந்தர் மாமாவுக்கு,

நலம். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் மெயில். நேற்று மத்தூர் நவீன்குமார் வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். எனக்குச் சர்க்கரை இருப்பதை அம்மா மறைக்கவில்லை. அதைவிட மோசமாக ஒன்று சொல்லிவிட்டாள். "என் தம்பி கனடாவுல கணைய செல்லு வெச்சே குணமாக்குற டாக்டருங்க. தாய்மாமன் சீரா, தைக்குள்ள இவ ஊசியையே நிறுத்திருவான்."

அவர்களுக்கு வாயெல்லாம் பல். தையில் கல்யாணம் என்று பேசி முடித்துவிட்டார்கள்.

எல்லாம் பேப்பரில் வந்த உங்கள் பேட்டியால் வந்த வினை. அம்மா அதை லேமினேட் செய்து மாட்டியிருக்கிறாள். அது எனக்குச் சரிப்படாது என்ற உண்மையை நான் சொன்னால், "உனக்கென்னடி தெரியும்" என்கிறாள். நீங்களே அம்மாவிடம் சொல்லுங்கள்.

அருணா

டொராண்டோ
12 நவம்பர் 2024

அன்புக் கண்ணு அருணாவுக்கு,

உன் கோபம் நியாயம்தான். இறந்தவரின் கணையத்திலிருந்து செல்களைப் பிரித்து நோயாளிக்கு வைக்கிறோம். ஆனால் உடம்பு அவற்றை ஏற்க, கடுமையான மருந்துகளைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். ஊசியோடு நன்றாக இருக்கும் உனக்கு அதைச் செய்ய நானே விடமாட்டேன். இன்சுலினை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதே.

சின்ன வயதில் உனக்கு முதல் ஊசி போட்ட அன்று அக்கா அழுதாள். "நான் குணமாக்குறேன்கா" என்றேன். அதை நம்பித்தான் இத்தனை வருடம் தைரியமாக இருக்கிறாள். இப்போது எந்த வாயால் இல்லை என்பது? கல்யாணம் முடியட்டும். நேரில் வந்து பக்குவமாகச் சொல்கிறேன்.

உன் மாமா
சுரேந்தர்

ராயக்கோட்டை
1 டிசம்பர் 2024

மாமா,

கல்யாணம் முடியட்டுமா? முடிந்த பிறகு மத்தூர் வீட்டில் மாமியார் முன்னால் ஊசி போட்டுக்கொண்டு நிற்கப் போவது நீங்களா, நானா? உங்கள் மருத்துவ ஆராய்ச்சிக்கு ஒரு நோயாளியைச் சேர்ப்பதென்றால் எல்லாம் விளக்கிச் சம்மதம் வாங்குவீர்களாமே. என் சம்மதத்தை யார் கேட்டீர்கள்? படித்துக் கிழித்தது இதற்குத்தானா?

நவீன்குமாரை பஸ் ஸ்டாண்டுக்கு வரச்சொல்லி நானே எல்லாம் சொன்னேன். "அப்ப குணமே ஆகாதுங்களா?" என்றார்.

"ஊசியோடதாங்க இருப்பேன். இப்பவும் ஓசூர் கம்பெனியில நைட் ஷிஃப்ட் பார்த்துட்டு நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

"வூட்ல கேட்டுச் சொல்றேங்க" என்று பஸ் ஏறினார். மறுநாள் அவர் அப்பா போன் செய்து வேண்டாம் என்றுவிட்டார். போகட்டும். ஊசிக்குப் பயப்படுகிறவர் எனக்கும் வேண்டாம்.

அம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை. உங்கள் மெயிலைக் காட்டினேன். "நீயே டைப் அடிச்சிருப்பே. நல்ல எடத்தை நீயே கெடுத்துட்டே. என் தம்பி எங்கிட்ட பொய் சொல்ல மாட்டான்" என்றாள்.

உண்மை சொன்னதற்கு இந்த வீட்டில் பொய்க்காரி நான். நீங்கள் இன்னும் டாக்டர் தம்பி. எனக்குப் பதில் எழுத வேண்டாம். தைரியமிருந்தால் உங்கள் அக்காவிடம் பேசுங்கள். அதுவரை என்னைக் கண்ணு என்று கூப்பிடாதீர்கள்.

அருணா