ஃபியூஸில் சுற்றிய செம்புக் கம்பி

முத்தமிழு,

மூவாயிரத்து நானூறு ரூபாய் கூலி பாக்கியைக் கேட்க மருதையன் அண்ணன் வீட்டுக்கு இன்று போகாதே. "பொண்டாட்டி நான் போயா கேக்கணும்? கேக்க ஒங்களுக்கு வாயில்லையா?" என்று நேற்று கத்தினாய். நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு.

அவர் ஜீப்பில் நான் மாட்டிய நாலு பெரிய விளக்கையும் போட்டால் ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தது. அவ்வளவு கரண்டைத் தாங்கும் ரிலேயும் தடித்த ஒயரும் வாங்கிவரச் சொல்லாமல், வீட்டு ஃபியூஸுக்குச் செய்வதுபோல் செம்புக் கம்பியைச் சுற்றிவிட்டேன். அந்த உறுத்தலில்தான் கூலியைக் கேட்க வாய் வரவில்லை. இன்று விடியுமுன் கருக்களாச்சேரி கடற்கரை மணலில் ஜீப்பில் கட்டிப் படகை இழுக்கும்போது ஒயர் எரிந்து ஜீப் தீப்பிடித்ததாம். அண்ணனுக்கு இரண்டு கையும் வெந்துபோச்சு.

பெரியாஸ்பத்திரிக்குப் போகிறேன். என்னால்தான் என்று அவரிடம் சொல்லிவிடுவேன். குழம்பை மூடி வைத்திருக்கிறேன், சாப்பிடு.

உன்னை எழுப்பிச் சொல்லத் தைரியம் வரவில்லை.

அவர் சம்சாரமே பணத்தைக் கொண்டுவந்தாலும் வாங்காதே. அந்தக் கூலி நமக்கு வேண்டாம்.