இடது கைத் தேய்மானம்

பழவேற்காடு,
விபவ வருடம், புரட்டாசி 12.

கடல் கடந்த பத்தாவித் துறைமுகத்தில் ஏதோ ஒரு துணிக் கிடங்கில் உட்கார்ந்து இடது கையால் மெருகு போட்டுக்கொண்டிருக்கும் கோட்டைக்குப்பம் சிங்காரத்துக்கு, துளசிங்கம் எழுதிக்கொள்வது.

இவ்விடம் எல்லோரும் நலம். அவ்விடம் நீ நலமா என்று எல்லோரும் எழுதுவதைப் போல நானும் எழுதுகிறேன். ஆனால் வழக்கத்துக்காகக் கேட்கவில்லை. எனக்குப் பதில் தெரிந்தே ஆக வேண்டும்.

உனக்கு எழுத்து வராது. யாரோ ஒரு புண்ணியவான் பக்கத்தில் உட்கார்ந்து இதை உனக்குப் படித்துக் காட்டுவார். அதனால் நமக்குள் வழக்கமாக இருக்கும் வசவுகளைக் குறைத்துக்கொண்டேன். ஒன்றை மட்டும் விட மனம் வரவில்லை. அடே, கல்லைத் திருடிக்கொண்டு கப்பல் ஏறியவனே, ஆறு வருடமாக உன் மேல் எனக்குத் தீராத கோபம்.

படிக்கும் ஐயா, ஒரு கல்லுக்கா இத்தனை கோபம் என்று நினைக்கக் கூடாது. எங்கள் ஊரில் எங்கே தோண்டினாலும் மணல்தான், ஐயா. அம்மிக்கல் வேண்டுமென்றால்கூட உள்நாட்டிலிருந்துதான் வர வேண்டும். நானும் இவனும் துணிக்கு மெருகு போடுகிறவர்கள். எழுதிச் சாயமேற்றிய துணியைக் கஞ்சியில் தோய்த்து உலர்த்தி, பலகையில் விரித்து, வழவழப்பான கல்லால் அழுத்தித் தேய்த்தால்தான் துணி வாங்கிக் கப்பலேற்றும் உலாந்தாக் கும்பினி வெள்ளைக்காரர்கள் அதைக் கையில் எடுப்பார்கள். அந்தக் கல்லுக்காகத் தை மாதம் ஆரணி ஆற்றில் தண்ணீர் வடிந்ததும் நாங்கள் இருவரும் முகத்துவாரத்திலிருந்து ஊத்துக்கோட்டை வரை மணலில் நடப்போம். வழியெல்லாம் கூழாங்கல் கிடக்கும். ஆயிரம் கல்லில் ஒன்று உதவினால் அதிகம். வெள்ளையாகப் பளபளக்கும் வெங்கச்சங்கல் பார்க்க அழகு, ஆனால் விளிம்பு உடைந்து துணியைக் கிழித்துவிடும். மாக்கல் நகம் பட்டாலே உதிரும். கத்தியால் கீறினால் கல்லில் கோடு விழக் கூடாது, கத்தியின் இரும்புதான் கல்லில் ஒட்ட வேண்டும். அதற்குப் பிறகு கன்னத்தில் வைத்துப் பார்க்க வேண்டும், முன்பல்லில் உரசிப் பார்க்க வேண்டும். இவன் எல்லாக் கல்லையும் நக்கியே பார்ப்பான். நக்கினால் நிறம் தெரியும் என்பான். நிறத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நான் கேட்பேன்.

சிங்காரம், நீ கப்பல் ஏறுவதற்கு முந்தின தை மாதம் பெரியபாளையத்துக்குக் கீழே ஆறு வளைகிற இடத்தில் அந்தக் கல் கிடைத்தது. தேன் நிறம். ஒரு முனை கூர்ந்து, மறு முனை உருண்டு, உள்ளங்கைக்கு அளவெடுத்தாற்போல் இருந்தது. அடி வயிற்றில் ஒரு வெள்ளை ரேகை ஓடி, முனையருகில் நண்டின் கொடுக்குப் போல இரண்டாகப் பிரியும். முதலில் பார்த்தது நீ, முதலில் குனிந்து எடுத்தது நான். ஊர் வந்து சேரும் வரை அதற்காகச் சண்டை போட்டோம். நாலு மாதம் அது என் பலகையில் இருந்தது. பத்தாவிக்குப் போகும் வழியில் கப்பலில் நனைந்து மங்கிப்போகும் துணிகளுக்கு அங்கேயே மறுபடி மெருகு போட ஆள் வேண்டும், மூன்று வருடம் என்று கும்பினியார் கேட்டார்கள். நீ பேர் கொடுத்தாய். நீ கப்பல் ஏறிய மறுநாள் என் பலகையில் கல் இல்லை.

போகட்டும். இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஆவணியில் வந்த கப்பலில், உன் தெருவில் இருந்த தருமன் கப்பல் வேலை முடிந்து இறங்கினான். நேராக உன் வீட்டுக்குப் போய் உன் மனைவி லோகாம்பாள் முன்னால் ஒரு துணி முடிப்பை அவிழ்த்தான். உள்ளே அந்தக் கல். பத்தாவியில் ஒரு மாலுமியின் கையில் பார்த்தானாம். நம் ஆற்றுக் கல்லாயிற்றே, உனக்கு எப்படி வந்தது என்று கேட்டிருக்கிறான். பழவேற்காட்டிலிருந்து வந்த துணிக்காரன் ஒருவனுடையது, அவன் பத்தாவியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே கப்பலில் காய்ச்சலில் போய்விட்டான், சாமான்களை அங்கிருந்தவர்கள் பங்கிட்டுக்கொண்டார்கள் என்று அந்த மாலுமி சொன்னானாம். தருமன் தன் இடுப்புக் கத்தியைக் கொடுத்துக் கல்லை வாங்கி வந்திருக்கிறான். அவன் மேல் குற்றமே இல்லை. அழுதுகொண்டேதான் சொன்னான்.

உன் அண்ணன் கேசவன் என்னைக் கூப்பிட்டனுப்பினார். இது தம்பியின் கல்தானா, ஊரில் உன்னைத் தவிர யாருக்குத் தெரியும் என்று கேட்டார். பார்த்த மாத்திரத்தில் ஆமாம் என்றேன். கொடுக்கு ரேகையைக் காட்டி விளக்கமும் சொன்னேன். இந்த ஆற்றின் கல்லை என்னைவிட யார் அறிவார் என்ற கர்வம் அந்த நேரத்திலும் எனக்கு இருந்தது, சிங்காரம். சொல்லி முடித்துத் திரும்பிப் பார்த்தால், லோகாம்பாள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டிருந்தாள். தருமன் சொன்னபோதுகூட அவள் நம்பவில்லையாம். நான் சொன்னதும் நம்பிவிட்டாள்.

கேசவன் தலை மழித்துக்கொண்டார். பதினாறாம் நாள் காரியம், அன்றைக்கே அவள் தாலியை வாங்கிவிடுவது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். உடம்பு கிடைக்கவில்லை, அதனால் அந்தக் கல்லையே உன் இடத்தில் வைத்துச் செய்யலாம், சுத்தம் செய்து கொண்டு வா என்று பதினான்காம் நாள் அதை என்னிடம் கொடுத்தார்கள்.

ஏரிக்கரையில் உட்கார்ந்து கழுவினேன். பிறகு எண்ணெய் தடவினேன். ஆறு வருடம் கழித்து அன்றுதான் அதை நிதானமாகக் கையில் பிடித்துப் பார்த்தேன். கல் கையில் உட்காரவில்லை, ஆடியது. என் கை மறந்துவிட்டது போலும் என்று நினைத்துத் திருப்பிப் பார்த்தேன். நீ திருடிக்கொண்டு போனபோது அதன் வயிறு உருண்டையாக இருந்தது. இப்போது தட்டையாக இருக்கிறது. வெள்ளை ரேகையில் பாதியைக் காணோம். அத்தனை கெட்டியான கல் அந்த அளவுக்குத் தேய வேண்டுமென்றால் நாலைந்து வருடம் தினமும் துணியில் ஓடியிருக்க வேண்டும். மாலுமி கையில் இருந்தால் எங்கே தேயும்? அது மட்டும் இல்லை. கூர்முனை முன்னால் இருக்கும்படிதான் அந்தக் கல்லைப் பிடிக்க முடியும். தேய்க்கிறவனுக்குக் கட்டைவிரல் பக்கம் அழுத்தம் அதிகம். என் கல்லிலும் நம் கொட்டகையில் இருக்கும் எல்லோர் கல்லிலும் இடப்புறம்தான் அதிகமாகத் தேய்ந்திருக்கும். இந்தக் கல்லில் வலப்புறம் தேய்ந்திருந்தது.

உன் முழங்கை இடிக்கிறது என்று உனக்கு இடப்பக்கம் யாரும் உட்கார மாட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? அந்த இடத்தில் பத்து வருடம் உட்கார்ந்தவன் நான். இடது கையில் கல்லை மாற்றிப் பிடித்தேன். அசையாமல் உட்கார்ந்தது. எண்ணெய்க் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். நண்டு பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் பயந்துபோய் ஓடி வந்தார்கள்.

அப்படியே கேசவன் வீட்டுக்கு ஓடினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நியாயமான கோபம்தான். இடது கைக்காரன் உலகத்தில் இவன் ஒருவன்தானா, கல்லை எடுத்துக்கொண்டவன் எவனோ அதே வேலையைச் செய்திருக்கலாமே என்றார். பிறகு குரல் இறங்கி, "தம்பி போனதையே இப்பதான் முழுங்கினேன். மறுபடி ஆசை காட்டாத, துளசி" என்றார்.

அப்போதுதான் லோகாம்பாள் உள்ளேயிருந்து வந்தாள். பதினான்கு நாளாக அவள் யாரோடும் பேசவில்லை. என் கையிலிருந்த கல்லை வாங்கித் தன் இடது கையில் வைத்துக்கொண்டு, அங்கே கிடந்த மணைப் பலகையில் ஒரு தடவை அழுத்தித் தள்ளிப் பார்த்தாள். இன்னொரு தடவையும் தள்ளினாள். பிறகு கேசவனைப் பார்த்து, "செத்துப் போனவரு இவ்ளோ வேலை செஞ்சிருக்க மாட்டாரு, மாமா" என்றாள். கல்லை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

காரியம் நின்றிருக்கிறது. ஆனால் அடுத்த ஆடியில் கப்பல் திரும்பி வரும் வரைக்கும்தான். அதற்குள் உன்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் காரியத்தைச் செய்தே தீருவது என்று கேசவன் சொல்லிவிட்டார், நானும் தலையாட்டியிருக்கிறேன். அது வரைக்கும் அவள் பாடு எப்படியிருக்கும் என்று நீயே யோசித்துப் பார். பொட்டு வைத்தால் ஒருத்தி முகம் சுளிக்கிறாள், வைக்காவிட்டால் இன்னொருத்தி விசாரிக்கிறாள். பொன்னுரங்கம் வீட்டுக் கல்யாணத்துக்கு அவளை அழைப்பதா வேண்டாமா என்று தெரியாமல், அவள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள். அவள் இறால் உரித்துக் காயவைத்துக் கூடையில் எடுத்துக்கொண்டு பொன்னேரிக்குப் போய் வருகிறாள். யாரிடமும் கை நீட்டவில்லை.

ஊர்ச் சேதி கொஞ்சம் சொல்கிறேன். இந்த வருடம் முகத்துவாரம் மண்ணடைத்துக் கிடக்கிறது, ஏரித் தண்ணீர் உப்பு ஏறிவிட்டது. மடவை மீன் மட்டும் குறைவில்லை. கொட்டகையில் உன் இடத்தில் வேறு ஆளைப் போட்டார்கள். அவன் வலது கைக்காரன், எனக்கு இப்போது சௌகரியமாக இருக்கிறது. சௌகரியம் பிடிக்கவில்லை. உன் மகள் முனியம்மாளுக்கு ஏழு வயது. அவளும் இடது கைதான். சோற்றில் இடது கையை வைத்தால் கேசவன் வீட்டில் அடி விழுந்துகொண்டிருந்தது. இந்தக் கல் வந்த பிறகு யாரும் அவளை அடிப்பதில்லை.

கேசவன் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அந்தத் தேய்மானம் இடது கைக்காரனுடையது என்று அடித்துச் சொல்வேன். உன்னுடையது என்று என் மனம் சொல்கிறது, கல் சொல்லவில்லை. உயிரோடு இருந்தால் கல் ஏன் உன் கையை விட்டுப் போயிற்று? களவு போயிற்றா, கஷ்டத்தில் விற்றாயா? மூன்று வருடம் ஆறாகியும் ஒரு சேதிகூட ஏன் இல்லை? அங்கே உனக்கு வேறு அடுப்பு எரிகிறதா என்று நான் கேட்கவில்லை. லோகாம்பாளும் கேட்கவில்லை. ஆனால் அவள் அதை நினைக்காமல் இருக்க மாட்டாள். நேற்று, இன்னும் என்ன எழுத வேண்டும் என்று அவளைக் கேட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றாள், அவ்வளவுதான்.

இந்தக் கடிதத்தைத் தருமன்தான் கொண்டு வருகிறான். உன் சாவைச் சொன்ன வாய் என்று அவனுக்குச் சோறு இறங்கவில்லையாம். அதனால் மறுபடியும் கப்பலில் பேர் கொடுத்திருக்கிறான். பத்தாவியில் இருக்கிற ஒவ்வொரு துணிக் கிடங்காக ஏறி இறங்கி, இடது கையால் தேய்ப்பவன் யார் என்று கேட்பான்.

படிக்கும் ஐயா, இதைச் சிங்காரத்துக்கு என்று பிரித்து, அப்படி ஒருவன் இல்லை என்று தெரிய வந்தால், அதையும் நீங்கள் தருமனிடம் கூசாமல் சொல்லிவிட வேண்டும். அவன் கரை இறங்கும்போது முதலில் நான்தான் நிற்பேன்.

சிங்காரம், நீ பதில் எழுத வேண்டாம். யாரையும் கெஞ்சி எழுதி வாங்கவும் வேண்டாம். இப்போது எந்தக் கல்லால் வேலை செய்கிறாயோ, அதைத் தருமன் கையில் கொடுத்தனுப்பு, போதும். கல்லைப் பார்த்து மீதியை நான் படித்துக்கொள்கிறேன். நீ வர முடியாவிட்டாலும், வர மனமில்லாவிட்டாலும், அந்த ஒரு கல் மட்டும் வரட்டும். உன் பழைய கல்லை லோகாம்பாள் யாருக்கும் தருவதில்லை. நீ வந்தால் அது உனக்குத்தான். முதலில் பார்த்தது நீதான் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். தை மாதம் நான் மட்டும் ஆற்றுக்குப் போவேன். நல்ல கல் ஒன்று கிடைக்கத்தான் செய்யும். ஆடி வருவதற்குள் அதை வேறு கல்லில் உரசி வலப்புறமாகத் தேய்த்துவிட எனக்குத் தெரியும், தருமன் கொண்டு வந்ததாகச் சொல்லவும் தெரியும். அந்த நினைப்பு எனக்கு வந்துவிட்டது. நான் சொன்னால் அவள் நம்புவாள். எங்கிருந்தாலும் நீ நூறு வயது நன்றாக இரு, சிங்காரம். என்னை மட்டும் இடது கையால் தேய்க்க வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் இடப்பக்கத்துக்காரன்
துளசிங்கம்