வலி போன மத்தியானம்

அக்கா,

விளக்கெண்ணெயைச் சூடாக்கும்போது வரும் அந்தக் கனத்த வாசம் போன வாரம் ஒரு காலையில் எங்கள் அடுப்படியிலிருந்து வந்தது. பள்ளி நூலகத்துக்குக் கொண்டுபோக வேண்டிய புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. கிளியூரில் இந்த வீட்டுக்கு நான் வாழவந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. இத்தனை காலமும் அந்த எண்ணெயை வாங்கவிடாமல் பார்த்துக்கொண்டேன். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

கரண்டியை ஊதிக்கொண்டே மாமியார் வந்தார். என் மகள் யாழினி முந்தின நாளிலிருந்து தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வாந்தியும் எடுத்திருந்தாள்.

“நாள் முச்சூடும் குதிச்சா கொடலு ஏறாம என்ன பண்ணும்? படு சாமி. அப்பத்தா சித்த நீவி உட்டா எறங்கீரும். பக்கத்தூட்டுல எண்ணெ வாங்கியாந்துட்டேன்.”

அவர் மனதில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. பிள்ளைகளுக்கு வயிறு வலித்தால் குடல் ஏறிவிட்டது என்பதுதான் நம் பக்கத்தில் முதலில் வரும் பேச்சு. சூடான எண்ணெயைத் தொட்டு, வயிற்றைத் தட்டி, நீவி, குடலை இறக்குவார்கள். பெரும்பாலும் வலி சரியாகவும் போய்விடும். அதனால்தான் எல்லோரும் நம்புகிறார்கள்.

“வேண்டாங்க அத்தை” என்றேன். எனக்கே கேட்கவில்லை. கட்டிலில் ஏறி யாழினியின் வயிற்றின் மேல் என் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டேன்.

“ஏங்கண்ணு, என் கை என்ன வெசமா?”

“எங்கக்கா இதுலதானுங்க போனா.”

கரண்டி அந்தரத்திலேயே நின்றது. “காச்சல்ல போச்சுன்னுதான சொன்னாங்க உங்கூட்டுல?”

ஆமாம் அக்கா, அப்படித்தான் சொல்லி வைத்திருந்தோம்.

கரடியூருக்குக் கீழே எஸ்டேட் கூலிக்காரர்களின் லைன் வீட்டில், காப்பிப் பழம் பறிக்கும் காலம் அது. நீ ஐந்தாவது படித்தாய். நான் உன் பாவாடையைப் பிடித்துக்கொண்டு திரிகிற வயது. வலி தாங்காமல் சுருண்டு கிடந்தாய். அடுத்த வீட்டுச் சின்னாயி அக்கா எண்ணெயோடு வந்து உட்கார்ந்தார். அவர் கை அழுத்த அழுத்த உன் கால்கள் தரையில் உதைத்தன. அப்போதும் உன் வாய் சும்மா இல்லை.

“ஏனுங்கக்கா, என் வயிறென்ன புரோட்டா மாவுங்களா?”

வாசலில் நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். “வலியிலயும் கொழுப்பப் பாரு” என்றாள்.

அன்று மத்தியானம் நீ திடீரென்று எழுந்து உட்கார்ந்தாய். “போயிருச்சும்மா. சுத்தமா போயிருச்சு” என்றாய். அம்மா சின்னாயி அக்காவுக்குக் காப்பி வைத்துக் கொடுத்துவிட்டு, அரைநாள் கூலியையாவது விடவேண்டாம் என்று பழம் பறிக்கப் போனாள். நீ என்னை முன்னால் உட்காரவைத்துத் தலை பின்னிவிட்டாய். “ஆடாத புள்ள, வகிடு கோணிக்கும்” என்று மண்டையில் ஒரு கொட்டும் வைத்தாய். சாயங்காலம் உடம்பு கொதித்தது. வயிறு பலகையாக இருந்தது. எஸ்டேட் லாரியில் உன்னைச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே நீளமாகக் கிழித்துப் பார்த்ததாகவும், உள்ளே சீழ் பரவிவிட்டிருந்ததாகவும் பெரியவர்கள் பேசிக்கொண்டதைப் பின்னால் கேட்டேன்.

எழுத்துக் கூட்டிப் படிக்கிறதைத் தாண்டி, தேடிப் படிக்கிற வயது வந்தபோது நான் முதலில் தேடியது உன் நோயைத்தான். குடல்வால் வெடிக்கும்போது வலி கொஞ்ச நேரம் விட்டுப்போகலாம் என்று ஒரு புத்தகத்தில் இருந்தது. நாங்கள் நிம்மதியாக மூச்சுவிட்ட நேரத்தில்தான் அது வெடித்திருக்கிறது. சின்னாயி அக்கா அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையின் வயிற்றையும் தொடவில்லை. அவரைக் கோபித்துக்கொள்ள முயன்று பார்த்தேன், முடியவில்லை.

போன வாரம் அந்தக் காலையிலேயே போன ஏற்காட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் யாழினியை வலது காலால் குதிக்கச் சொன்னார். அவளால் முடியவில்லை. குடல்வாலாக இருக்கலாம், உடனே சேலத்துக்குப் போங்கள் என்றார். என் கணவர் தன் ஜீப்பை எடுத்தார். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அவர் போனில் யாரிடமோ “ஆபரேசன் பண்ணோணுமாட்ட இருக்குது” என்றார். அடுத்த வளைவு வருவதற்குள் என் மடியிலிருந்து குரல் வந்தது.

“அம்மா, வலி போயிருச்சு. ஊட்டுக்குப் போலாம்.”

பின்சீட்டில் மாமியார் மலைச்சாமியைக் கையெடுத்துக் கும்பிட்டார். “சேர்வராயா, காப்பாத்திட்ட!” கணவர் ஜீப்பை ஓரம் கட்டினார். முகமே மலர்ந்துவிட்டது. “ஏம்புள்ள, கொறைஞ்சிருச்சுங்கறாளே. திரும்பிரலாமா? சாயங்காலம் வரைக்கும் பாத்துக்கலாம்.”

என்னால் ஒன்றையும் விளக்க முடியவில்லை, அக்கா. “ஓட்டுங்க, ஓட்டுங்க” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். கத்தியிருக்கிறேன் போலிருக்கிறது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். அதற்குப் பிறகு இருந்த வளைவுகளில் என்னால் செய்ய முடிந்தது, அவள் தலையைப் பிடித்துக்கொண்டது மட்டும்தான்.

பிள்ளைகளுக்கு ஆபரேஷன் செய்கிற டாக்டர் பொறுமையாகச் சொன்னார். “பெருசா கிழிக்க மாட்டோங்க. தொப்புள்ல ஒரு சின்னத் துளை, கீழ இன்னும் ரெண்டு. ஒண்ணுல கேமரா போகும். டிவியில பாத்துக்கிட்டே எடுத்துருவோம்.”

“வெடிச்சிருக்குமாங்க?”

“உள்ள பாத்தாத்தான் உறுதியாத் தெரியுங்க.”

கதவு மூடியது. கணவர் நடந்துகொண்டே இருந்தார். மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “உங்கக்கா பேரென்ன கண்ணு?” என்று கேட்டார். சொன்னேன். அவர் அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அம்மா போன பிறகு உன் பெயரை இன்னொருவர் வாயிலிருந்து கேட்டது அப்போதுதான்.

பிறகு ஒரு நர்ஸ் சின்னத் தட்டோடு வெளியே வந்தார். “எடுத்தது இதாங்க, பாத்துக்கோங்க. வெடிக்கல. பாப்பா நல்லாருக்கா.”

கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் பார்த்தேன். வெள்ளைத் துணியின் மேல், வீங்கிச் சிவந்து, யாழினியின் சுண்டுவிரல் அளவுக்கு ஒன்று கிடந்தது. உன்னை அழைத்துக்கொண்டு போனது இதுதானா? மகள் பிழைத்த மகிழ்ச்சி வர வேண்டிய இடத்தில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இந்த மூன்று துளைகள் அன்றைக்கும் சேலத்தில் எங்காவது இருந்திருக்குமா என்று தெரியாது. இருந்திருந்தாலும் நாம் நேரத்துக்கு மலையிலிருந்து இறங்கியிருக்க மாட்டோம். நம்மைப் பொறுத்தவரை வலிதான் போய்விட்டதே.

மறுநாள் யாழினி கஞ்சி குடித்துக்கொண்டே என்னைக் கிட்டே கூப்பிட்டாள். “அப்பாட்ட சொல்லாத. ஜீப்புல வலி போகவே இல்ல. ஆபரேசன்னதும் பயந்து அப்படிச் சொன்னேன்.”

“அடிக்கழுத” என்று சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே உன் அந்த மத்தியானம் நினைவுக்கு வந்தது.

நீயும் பொய் சொன்னாயா, அக்கா? சின்னாயி அக்கா கையை எடுக்கட்டும் என்றா? அம்மாவுக்குக் கூலி போய்விடக்கூடாது என்றா? இத்தனை வருடமும் எனக்கென்று ஓர் ஆறுதல் இருந்தது. உனக்குக் கடைசியாக வலியில்லாத ஒரு மத்தியானம் கிடைத்தது, அதை நீ என்னோடு கழித்தாய் என்று நினைத்திருந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டா எனக்குத் தலை பின்னினாய்? புத்தகத்தில் இதற்குப் பதில் இல்லை. கேட்பதற்கு அம்மாவும் இல்லை.

யாழினி வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்று சின்னப் பிளாஸ்திரிகளையும் தெருப் பிள்ளைகளுக்குக் காட்டிப் பெருமையடிக்கிறாள். நேற்று அவளுக்குச் சட்டை மாற்றிவிடும்போது, “வலிக்குதா?” என்று கேட்டேன்.

“இல்லம்மா.”

“நெசமாவா?”

“நெசமாத்தான்.”

“இன்னொருக்கா சொல்லு.”

“வலிக்கலம்மா! எத்தன வாட்டிதான் கேப்ப?” என்று சிணுங்கினாள்.

எத்தனை வாட்டி கேட்பேன் என்று எனக்கும் தெரியவில்லை, அக்கா.