உன் லேப்டாப்பும் அப்பாவின் கண்ணும்

அன்பு மகள் வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நலம். இந்த முறை அதை வாய் வார்த்தைக்காக எழுதவில்லை, டாக்டரிடம் காட்டிக் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன், அதனால் பதறாமல் கடைசி வரை படி. நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்வாய் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் உன்னிடம் பேசும்போதெல்லாம் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுகிறார், நான் ஒன்று சொல்ல அவர் ஒன்று திருத்த, உனக்குப் பாதிதான் வந்து சேருகிறது. இன்று அவர் முடி வெட்டிக்கொள்ளப் போயிருக்கிறார், கடையில் கூட்டம் இருக்கும், அவர் வருவதற்குள் முழுவதையும் எழுதிவிடப் பார்க்கிறேன்.

நீ இங்கேயே விட்டுப்போன கேம் லேப்டாப்பைப் பற்றித்தான் விஷயம். போன வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடக்கை மரத்துப்போனபோது, முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டிய கைக்கு ரப்பர் பந்தை அமுக்கச் சொன்னால் எப்படி அமுக்கும் என்று சொல்லி, நீதானே அந்த லாரி ஓட்டுகிற கேமை அதில் போட்டு, மேசையில் ஸ்டியரிங்கும் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனாய். தினமும் காலையில் பத்து மணிக்கு டூட்டிக்குப் போகிறவர் மாதிரி சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அந்தக் கை சட்டைப் பொத்தான் போடும் அளவுக்குத் தேறியது அதனால்தான் என்று பிசியோதெரபி செய்கிற பெண்ணே சொன்னாள். அப்படி ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒரு நாள் திடீரென்று நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டால் சலித்துப்போச்சு என்றார். கடைத்தெருவுக்குப் போவதும் நின்றது, சவரம் வீட்டிலேயே, அதுவும் கன்னத்தில் இரண்டு இடத்தில் கீறல். விரல்கள் மறுபடி மடங்க ஆரம்பித்தன. நான் கத்திப் பார்த்தேன், பலனில்லை. நீ போனில் கேட்டபோது எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நானும் பூசி மெழுகினேன், அது என் தப்பு.

போன மாதம் ஒரு நாள் எங்கள் தையல் ஃபேக்டரியில் கரண்ட் போய், மதியத்தோடு எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் கதவைத் திறந்து உள்ளே வந்தால், அப்பா லேப்டாப் முன்னால் உட்கார்ந்து ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிப் பார்க்கிறார், பிறகு அதைத் திறந்து அடுத்த கண்ணை மூடிப் பார்க்கிறார். லாரி ஓரமாக நிற்கிறது. ரோட்டின் மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், வானத்தில் ரோஸ் நிறத்திலும் பச்சையிலும் கட்டம் கட்டமாக ஏதோ மினுக்குகிறது. நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, இது என்ன திரை முழுக்கக் கோடு என்று வாசலில் நின்றபடியே கேட்டேன். அவர் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்து, "உனக்கும் தெரியுதா?" என்றார்.

வாலு, அந்தக் கேள்வி எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. பக்கவாதம் வருவதற்கு முந்தின நாள் அவருக்குக் கண்ணில் இப்படித்தான் ஏதோ பூச்சி பறந்த மாதிரி மினுக்கியதாம். அதை அப்போதும் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது திரையில் இந்தக் கட்டங்களைப் பார்த்ததும் அடுத்த அடி விழப்போகிறது என்று முடிவு கட்டிக்கொண்டு, நம்மிடம் சொல்லாமல், மூன்று வாரம் மனுஷன் அதற்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, சொன்னால் நீ வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவாயாம். அழுவதா, தலையில் இரண்டு போடுவதா என்று தெரியாமல் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் தையல் மெஷின்தான். துணியில் தையல் விடுபட்டால் கோளாறு ஊசியிலா, நூலிலா, மெஷினிலா என்று தேட வேண்டும், அதுவும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும், எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது கெட்டது என்று கடைசி வரை தெரியாது. இருபது வருஷம் செக்கிங் மேசையில் நின்றதில் அதுதான் கற்றது. அதையே இதற்கும் செய்தேன். முதலில் லேப்டாப்பை கேபிள் போட்டு டிவியில் இணைத்தேன். டிவியிலும் அதே கட்டம், அதே கோடு, அதனால் லேப்டாப்பின் திரையில் குறை இல்லை. பிறகு அடிமூடியைக் கழற்றினேன். திருகாணி பதினொன்று, ஒன்றுகூடத் தொலைக்கவில்லை. இரண்டு விசிறியிலும் எங்கள் மெஷினுக்கு அடியில் சேருவது மாதிரி பஞ்சுப் பஞ்சாகத் தூசி, பாபின் துடைக்கிற பிரஷால் அத்தனையையும் எடுத்தேன். தொண்ணூற்று நாலு டிகிரி காட்டிய சூடு எழுபத்தெட்டுக்கு இறங்கியது. அப்பா முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பு வந்தது, ஆனால் முன்பு பத்து நிமிஷத்தில் வந்த கட்டம் இப்போது அரை மணி நேரம் கழித்து வந்ததே தவிர நிற்கவில்லை. படத்தைத் திரையில் வரைந்து தருகிற கிராபிக்ஸ் கார்டின் டிரைவர் சாப்ட்வேரை அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன், அப்போதும் அப்படியே. கடைசியாக அந்தக் கார்டையே செட்டிங்கில் அணைத்துவிட்டு, பிராசசரோடு சேர்ந்து வருகிற சின்ன கிராபிக்ஸில் ஓட்டச் சொன்னேன். ஒரு கோடு இல்லை, ஒரு கட்டம் இல்லை. லாரி மட்டும் மாட்டு வண்டி மாதிரி போயிற்று.

தெரு முனையில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாரே, நெற்றியில் எப்போதும் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு, அவரிடம் கொண்டுபோனேன். செய்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். அவர் கார்டுக்கு முழு வேலை கொடுக்கிற ஒரு சோதனையை ஓட விட்டார், நாலாவது நிமிஷம் திரை முழுக்கக் கட்டம், ஆறாவது நிமிஷம் அணைந்தே போயிற்று. கார்டின் மெமரி போய்விட்டது, மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைத்திருப்பதால் அதை மட்டும் தனியாகக் கழற்றி மாற்ற முடியாது என்றார். சில பேர் சூடான காற்றடித்து உயிர் கொடுக்கிறார்களாமே என்று கேட்டேன். மயக்கம் போட்டவன் முகத்தில் தண்ணீர் தெளித்தால் எழுந்து உட்காருவான், அதனால் வியாதி போய்விடுமா என்று திருப்பிக் கேட்டார். நேர்மையான மனுஷன். உன் வரைபடங்கள், போட்டோக்கள் எல்லாவற்றையும் தனி டிஸ்கில் எடுத்து வைத்தாயிற்று, நீ அதைப் பற்றிக் கவலைப்படாதே.

இதோடு முடிந்திருந்தால் நான் கடிதமே எழுதியிருக்க மாட்டேன். அந்த முதல் நாளே கண் டாக்டரிடம் நேரம் வாங்கி வைத்திருந்தேன். கெட்டது மெஷின்தான் என்று தெரிந்ததும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, எனக்கு எதற்கு டாக்டர், லேப்டாப்புக்குத்தானே வைத்தியம் என்று கிளம்ப மறுத்தார். நான் விடவில்லை. "ஊசி வளைஞ்சிருக்குன்னா நூல் நல்லா இருக்குன்னு அர்த்தமா? அதையும் பாத்துட்டு வந்துரலாம்" என்றேன். வேண்டா வெறுப்பாக வந்தார். ஒரு வெள்ளைக் கிண்ணம் மாதிரியான கருவிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரிகிற போதெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும். இரண்டு கண்ணிலும் இடப்பக்கம், கீழ் ஓரத்தில், பல புள்ளிகள் அவருக்குத் தெரியவே இல்லை. நாங்கள் கொண்டுபோன பழைய ஸ்கேனோடு ஒத்துப் பார்த்துவிட்டு, கண்ணில் கோளாறு இல்லை, போன வருஷத்துப் பக்கவாதம் மூளையில் விட்டுப்போன தழும்பு அது, புதிதாக எதுவும் நடக்கவில்லை, கூடவும் இல்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. நான் மூச்சு விட்டேன். அப்பா விடவில்லை. டிப்போவுக்குள்ளே மட்டும் பஸ்ஸை நகர்த்தி நிறுத்துகிற வேலை செய்யலாமா என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டாக்டரம்மா நல்ல விதமாகத்தான் சொன்னார்கள், ஆனால் கூடாது என்றுதான் சொன்னார்கள்.

பிறகுதான் தெரிந்தது, அந்த வேலைக்கு மனு வாங்கிப் பூர்த்தி செய்து, துணி அலமாரியில் மடித்து வைத்திருக்கிறார். கைக்குப் பயிற்சி என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம், அவர் வேலைக்குத் திரும்பத்தான் அத்தனை நாளும் ஓட்டியிருக்கிறார். திரும்பி வருகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆறு நிறுத்தம் வரை டிரைவர் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அப்புறம், "நல்லவேளை, யாரையும் இடிக்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்சுது" என்றார், அவ்வளவுதான். நான் அவர் இடக்கையைப் பிடித்துக்கொண்டேன், அவரும் விடவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் பத்து மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து, அந்தச் சின்ன கிராபிக்ஸ் தாங்கும்படி நிழல், மழை, மரம் என்று கேமில் குறைக்க முடிந்ததையெல்லாம் குறைக்கச் சொன்னார். மொட்டை ரோடுதான், ஆனால் லாரி ஓடுகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் தலையை வேண்டுமென்றே இடப்பக்கம் திருப்பிப் பார்க்க டாக்டரம்மா பழகச் சொல்லியிருக்கிறார்கள், அதை அதில்தான் பழகுகிறார். இப்போது தெருவைக் கடக்கும்போதும் அப்படியே திரும்பிப் பார்க்கிறார். இவ்வளவுக்கும் பிறகு இன்றைக்குத்தான் முதல் தடவையாகத் தனியாகக் கடைக்குப் போயிருக்கிறார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன், அவருக்குத் தெரியாது.

புது லேப்டாப் வாங்கி அனுப்புகிறேன் என்று குதிக்காதே, இது இப்போதைக்குப் போதும். வேலையைப் போட்டுவிட்டு ஓடியும் வராதே, லீவு கிடைக்கும்போது வா. சொல்லாமல் மறைக்கிற குணம் உனக்கும் உண்டு, அது எங்கிருந்து வந்தது என்று ஊரைக் கேட்க வேண்டாம். போன தடவை முதுகு வலி என்று ஆரம்பித்துவிட்டு ஒன்றுமில்லை என்று முடித்தாயே, முதலில் அதைக் காட்டிவிட்டு எனக்கு எழுது. எடுத்த காரியம் கைகூடி, நோய்நொடி அண்டாமல், நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அப்பாவிடம் நல்லா இருக்கீங்களா என்று மட்டும் கேட்காதே, அதற்கு அவர் ஆமாம் என்றுதான் சொல்வார். இன்றைக்கு எது கண்ணுக்குத் தெரிந்தது, எது தெரியவில்லை என்று கேள். அப்படிக் கேட்டால் உண்மையைச் சொல்கிறார்.

எப்போதும் உன் நினைவாக இருக்கும்,
அம்மா