பாட்டு கேக்குது, பேச்சுதான் கேக்கல

எதையும் ஒரு தட்டு தட்டிப் பார்த்தே எடை போட்டுவிடும் என் அப்பாவுக்கு,

நலமா என்று கேட்டால் பதில் வராத இடத்துக்கு நீங்கள் போய் இரண்டு ஆயுத பூஜை முடிந்துவிட்டது. அதனால் நலம் விசாரிப்பதை விட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். அதைவிட முக்கியமாக, உங்களை மெச்ச வேண்டும். நேருக்கு நேர் மெச்சினால் கூச்சப்பட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவீர்கள். கடிதத்தில் தப்ப முடியாது, உட்காருங்கள்.

ஊரிகம் சுரங்க லைன் வீட்டில் நம் ஹாலில் இருக்கும் ஹோம் தியேட்டரை மறந்திருக்க மாட்டீர்கள். பெங்களூரில் வேலை கிடைத்த புதிதில் நான் ஆசை ஆசையாக வாங்கியது. ரயிலில் தினமும் கூட வரும் தோழிகள் ஆளுக்கொரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். பத்துக்குப் பத்து ஹாலில் ஐந்து ஸ்பீக்கர். "இன்னாடி, திருவிழா நடத்தப் போறியா?" என்று அம்மா கேட்டாள். பக்கத்துக்கு ஒன்று, பின்னால் இரண்டு, நடுவில் நீளமாக ஒன்று. அந்த நடு ஸ்பீக்கரைத்தான் ஷோகேஸின் மேல் தட்டில், இரண்டு பொம்மைகளுக்கு நடுவே, உள்ளே தள்ளி வைத்தேன். காற்றுக் காலத்தில், சுரங்கக் கழிவு குவிந்த சயனைட் மேட்டுப் புழுதி வந்து படியாது, பார்க்கவும் லட்சணமாக இருக்கும் என்று எனக்கு ஒரே பெருமை.

முதல் படம் போட்ட அன்றே நீங்கள் சொன்னீர்கள். "நல்லா கீதும்மா. பாட்டு கேக்குது, பேச்சுதான் கேக்கல."

நாங்கள் சிரித்தோம். அம்மா ஒரு படி மேலே போனாள். "நான் கூப்ட்டாலும் அப்பிடித்தான். கறி வாங்கியாந்தேன்னா கேக்கும், கரண்ட் ஆபீஸ் போங்கன்னா கேக்காது." தம்பி குமார், "அப்பா காதை மெஷின் தின்னுடுச்சுக்கா" என்றான். தங்கச் சுரங்கத்தின் அடியில், வெளிச்சம் போகாத லெவலில், வருடக்கணக்காகப் பாறையைத் துளைக்கும் மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள் நீங்கள். காது போயிருக்கும் என்று நாங்கள் முடிவு கட்டியதில் ஆச்சரியம் இல்லை. லைனில் பாதிப் பேரின் அப்பாக்கள் அப்படித்தான் இருந்தார்கள். நீங்களும் வாதாடவில்லை.

ஆனால் நின்றுகொண்டு படம் பார்க்க ஆரம்பித்தீர்கள். ஷோகேஸுக்குப் பக்கத்தில் போய், அதன் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு. "அப்பா, மறைக்குது, உக்காருங்க" என்று நான் எத்தனை முறை கத்தியிருப்பேன்? ஒருநாள் மடக்கிய விரலால் அந்தத் தட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது உள்ள காலிம்மா. டொப்புனு கீது. பேச்சு உள்ளயே சுத்துது" என்றீர்கள். நான் ரிமோட்டை எடுத்து சத்தத்தைக் கூட்டினேன். பாட்டும் சண்டையும் வீட்டையே தூக்கின. பேச்சு அப்படியேதான் இருந்ததா? நான் கவனிக்கவே இல்லை.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு நீங்கள் உட்காருவது நின்றுபோனது. படம் ஆரம்பித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போய்விடுவீர்கள். நாங்கள் யாரும் போக வேண்டாம் என்று சொல்லவில்லை.

இப்போது இந்த வருஷத்துக் கதை. நீங்கள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைப் படம்தான் எங்கள் மூன்று பேரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்தது. நான் ஆறு நாள் ரயிலில் பாதி உயிரைக் கொடுக்கிறேன், குமாருக்கு ஃபேக்டரியில் ஷிஃப்ட் மாறி மாறி வருகிறது. அம்மா அந்த ஒரு நாளுக்காக வாரம் பூராவும் காத்திருப்பாள். அந்த அம்மா போன மாதம் படத்தின் நடுவில் எழுந்து, கீரைக் கட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். என்னம்மா என்றேன். "இன்னா பேசறாங்கன்னே புரியல. நீங்க பாருங்க, எனக்கு வேலை கீது" என்றாள்.

அடுத்த வாரமும் போனாள். "அம்மாவுக்கும் காது போச்சுக்கா. அப்பா மாரியேதான்" என்று குமார் சொன்னான். காது டாக்டரைப் பார்க்க நாளும் குறித்துவிட்டான். நானும் தலையை ஆட்டினேன். மறுநாள் ரயிலில் உட்கார்ந்திருக்கும்போதுதான் சுருக்கென்றது. அம்மா எந்தக் காலத்தில் மெஷின் பிடித்தாள்? தொலைவில் இருக்கும் குழாயடியில் நான் இருமினாலே என்னைக் கண்டுபிடிக்கிறவள் அவள். அவளுக்கும் பேச்சு மட்டும் ஏன் கேட்காமல் போகிறது? ஒரே வீட்டில், ஒரே பெட்டிக்கு முன்னால், இரண்டு பேர் ஒரே குறையைச் சொல்லியிருக்கிறார்கள். பெட்டியை நாங்கள் சந்தேகப்படவே இல்லை. அது நான் வாங்கியது அல்லவா, அதற்குக் குறை வருமா?

அடுத்து வந்த ஞாயிறு காலையில் ரிமோட்டில் இருக்கும் சோதனைச் சத்தத்தைப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் முறை வைத்து ஒரு இரைச்சல் வரும். இடது பக்கம் மழை மாதிரி "ஷ்ஷ்" என்று வந்தது. வலது பக்கமும் அதேபோல. நடுவில் வந்தபோது யாரோ கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருமுவது போல இருந்தது. படத்தில் பேச்சு முக்கால்வாசி அந்த நடு ஸ்பீக்கரில்தான் வரும் என்பது அதுவரை எனக்குத் தெரியாது. பாட்டு பக்கத்து ஸ்பீக்கர்களில் பரவி வரும். பாட்டு கேக்குது, பேச்சுதான் கேக்கல. நீங்கள் காதைப் பற்றிச் சொல்லவில்லை, பழுதைப் பற்றிச் சொல்லியிருக்கிறீர்கள். அதுவும் எந்தப் பெட்டியில் என்பது வரைக்கும்.

அதைத் தூக்கிக்கொண்டு ராபர்ட்சன்பேட்டைக்கு ஓடினேன். அங்கே டிவி, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் பழுது பார்க்கும் சேகர் என்று ஒருவர். பெட்டியின் முகத்தைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார்.

"இன்னா மேடம், ஸ்பீக்கருக்குப் பட்டை போட்டு கீறீங்க?"

ஆயுத பூஜை, அப்பா. வேறு யார் வேலை? சுரங்கத்தில் மெஷினுக்கும் விளக்குக்கும் சந்தனம் வைத்துப் பழகிய கை. மிக்ஸிக்கு ஒரு பொட்டு, என் ஸ்கூட்டருக்கு ஒரு பொட்டு, குமாரின் ஸ்பேனருக்கெல்லாம் ஆளுக்கொரு பொட்டு. மற்ற நான்கு ஸ்பீக்கருக்கும் ஒற்றை விரல். நடு ஸ்பீக்கருக்கு மட்டும் மூன்று விரலால் பட்டை, நடுவில் குங்குமம். ஏனப்பா அதற்கு மட்டும் என்று கேட்டதற்கு, "பேசறது இதுதானேம்மா" என்றீர்கள். நாங்கள் யாருமே கண்டுபிடிக்காததைப் பெட்டி வந்த முதல் வருஷமே கண்டுபிடித்துவிட்டு, மரியாதையாக அதன் வாயிலேயே சந்தனம் பூசியிருக்கிறீர்கள்.

சிரிக்காதீர்கள், இதில் எனக்கும் பங்கு உண்டு. நீங்கள் போன பிறகு அந்தப் பட்டையை நான்தான் போட்டேன். பழையதைத் துடைக்க மனம் வரவில்லை, அது உங்கள் விரல் பட்ட இடம். அதன் மேலேயே குழைத்துக் குழைத்து அப்பினேன். உங்கள் காலத்தில் பாதி அடைத்திருந்ததை என் பாசம் முழுதாக அடைத்துவிட்டது.

சேகர் முன்பக்கத் துணியைக் கழற்றினார். சரியாக நடுவில், சின்னக் குமிழ் போல ஒன்று. எழுத்துகளின் கூர்மையான ஓசையெல்லாம் அதிலிருந்துதான் வரும் என்றார். அதற்கு நேரான இடத்தில் துணி சந்தனத்தால் பலகையாக இறுகியிருந்தது. "கைய வைக்காதீங்க, அமுங்கிப் பூடும்" என்று என்னைத் தள்ளி நிறுத்திவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் குமிழின் மேல் இருந்த தூளைத் தட்டினார். வேறு துணி போட்டார். கடைசியில் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன்.

"ஷோகேஸ் உள்ளயா? அது காலி டப்பா மேடம், பேச்சு உள்ளயே சுத்தும். வெளிய இழுத்து விளிம்புல வைங்க, அடியில ரப்பர் குடுங்க. அவ்ளோ மேலயும் வேணாம். உக்காந்தா பேச்சு தலைக்கு மேல பூடும், நின்னாத்தான் கேக்கும்."

"இன்னா மேடம், கண்ணு கலங்குது?" என்றார். புழுதி என்றேன்.

கூரைப் பாறையைக் கடப்பாரையால் தட்டிப் பார்த்து, கணீர் என்றால் நிற்கலாம், டொப் என்றால் விலகு என்று கூட வேலை செய்தவர்களைக் காப்பாற்றிய காது உங்களுடையது. அந்தக் காதை நான் ஒரு ரிமோட்டை வைத்துக்கொண்டு திருத்தப் பார்த்தேன். உங்கள் காதில் குறையே இல்லை என்று இப்போது கதை கட்ட மாட்டேன். மெஷின் கொஞ்சம் தின்றுதான் இருக்கும். ஆனால் மிச்சமிருந்த காதை வைத்துக்கொண்டே எங்கள் மூன்று பேரின் நல்ல காதுக்கும் எட்டாததை நீங்கள் கேட்டீர்கள். எனக்கு அதில் எவ்வளவு கர்வம் தெரியுமா? ரயிலில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து டிவிக்குக் கீழே பலகையின் விளிம்பில் வைத்தேன். அடியில் பழைய செருப்பிலிருந்து வெட்டிய ரப்பர். முகம் சற்றே மேல்நோக்கி, நாற்காலியில் உட்கார்ந்தால் காதுக்கு நேராக. நடு ஸ்பீக்கரின் சத்தத்தை மட்டும் இரண்டு படி கூட்டினேன், மற்றதைத் தொடவில்லை. அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவள் வழக்கம்போல பீன்ஸைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

படத்தில் ஒருவன் மாமியாரைப் பற்றி முணுமுணுத்தான். நாங்கள் சிரிக்கும் முன்பே சமையலறையிலிருந்து சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் அம்மா கத்தியோடும் தட்டோடும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பீன்ஸ் அப்படியே கிடக்க, ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். நான் நடந்ததைச் சொன்னேன். சந்தனத்தையும், ஷோகேஸையும், சேகர் சொன்னதையும்.

அம்மா கத்தியைத் தட்டில் வைத்தாள். பிறகு கேட்டாள். "அப்போ அவரு நின்னது, கேக்கறதுக்குத்தானா?"

குமார் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

டாக்டரிடமும் போய் வந்தோம். வயதுக்கு ஏற்ற குறைதான், காதில் மாட்டும் மெஷின் இப்போதைக்கு வேண்டாம் என்றார். அம்மா ஞாயிற்றுக்கிழமை கீரை வாங்குவதை நிறுத்திவிட்டாள்.

உங்களுக்கு ஒரு வாக்கு தருகிறேன். வரும் ஆயுத பூஜைக்கும் பேசுகிற பெட்டிக்குப் பட்டை உண்டு, மூன்று விரலால்தான். ஆனால் முதுகில். இந்த வீட்டில் இனி யார் கேட்கவில்லை என்று சொன்னாலும், என்ன கேட்கவில்லை என்று முதலில் கேட்பேன். ஷோகேஸுக்குப் பக்கத்தில் நீங்கள் கை ஊன்றி நின்ற இடத்தில் ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். பேச்சு அங்கேயும் தெளிவாக வருகிறது. உட்கார்ந்து பார்த்துவிட்டேன்.

மறைக்குது என்று உங்களை உட்காரச் சொன்ன உங்கள் மகள்,
சுமதி