பட்டாணி அளவு கர்ப்பப்பை

இன்று வீட்டுக் கதவை இழைக்கத் தச்சர் வந்திருந்தார். சிவந்த படாக் மரத்தூள் மூக்கில் ஏறியதும், நாம் வேலை பார்த்த சாத்தம் தீவு மரமில்லில் மறுபடி இருவரும் நின்றுகொண்டிருந்தோம். நண்பா, உனக்கு இன்னும் சாவு வந்திருக்கவில்லை.

1960களில் ஒரு காலை. விதைப்பையில் வலி சுருட்டிப் பிடித்தது. மரம் தூக்கிய பிடிப்பு, தானே போகும் என்று அடம்பிடித்தேன்.

"போகும்டா, உசுரும் சேர்ந்து போகும். சலோ, ஆஸ்பத்திரிக்கு" என்று என்னைத் தோளில் போட்டுக்கொண்டாய். பாலத்தின் இருபுறமும் கடல் அசையாமல் கிடந்தது. வலியில் நானும் அதில் மிதப்பதுபோல இருந்தது.

விதை முறுக்கிக்கொண்டதோ என்று பயந்து டாக்டர் உடனே அறுத்துப் பார்த்தார். முறுக்கியது விதையல்ல, அதன் தலையில் ஒட்டியிருந்த பட்டாணி அளவுத் துணுக்கு. கருவில் எல்லோருக்கும் ஒரு குழாய் உண்டு, பெண்ணுக்கு அது கர்ப்பப்பையாக வளரும், ஆணுக்கு வாடிப்போய் இப்படிக் கொஞ்சம் மிஞ்சும் என்றார். நீயும் நின்று கேட்டாய்.

மில்லில் வேறு பேச்சு கிளம்பியது. அறுத்துவிட்டார்கள், இனி இவனுக்குப் பிள்ளை கிடையாது. எனக்குப் பெண் தர இருந்த, எதிர்க்கரை பாம்பூஃப்ளாட் மாமா முகம் கொடுக்கவில்லை. ஒரு மாலை படகில் அவரைப் பார்த்ததும் எல்லோர் முன்னும் நீ கத்தினாய்.

"மாமா, இவன்கிட்ட கர்ப்பப்பை கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அதத்தான் எடுத்தாங்க. இப்பத்தான் முழு ஆம்பளை!"

"அரே, சச் மே? நெசமாவா?"

"டாக்டரையே போய்க் கேளுங்க" என்று என் பக்கம் திரும்பினாய். "என்ன தாயி, வாயத் தொறந்து சொல்லேன்!"

படகே சிரித்தது. மாமாவும் சிரித்தார், டாக்டரையும் போய்க் கேட்டார். கல்யாணம் நடந்தது, மகள் பிறந்தாள். தாயி என்ற பெயரும் நிலைத்தது. "என் மானத்த வாங்கிட்டியேடா" என்றால், "பொண்ண வாங்கிக் குடுத்தேன்ல" என்பாய்.

பிறகு நானே புத்தகங்களை எழுத்துக்கூட்டிப் படித்தேன். அந்தத் துணுக்கு முறுக்கினால் பெரும்பாலும் தானே வற்றிவிடுமாம். அன்றைக்கே சொன்னேனே! ஆனால் வெளியிலிருந்து பார்த்துப் பிரித்தறிவது கடினம். முறுக்கியது விதையாக இருந்து, சில மணி நேரம் காத்திருந்தால், அது செத்துப்போயிருக்கும். ஆகவே நீ தூக்கிப் போனது சரி. கத்தியது தவறுதான். அதில் மாற்றமில்லை.

இப்போது படகில் அந்தப் பெயர் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. சில மாலைகளில் என்ஜின் சத்தத்துக்குள்ளிருந்து "தாயி" என்று கேட்கும். நான் திரும்புவதில்லை. கரை வந்து எல்லோரும் இறங்கிய பிறகும் சற்று நேரம் எழாமல் உட்கார்ந்திருப்பேன், இன்னொரு முறை கூப்பிடட்டும் என்று.