'ஆம்' என்று எழுதிய வரி

நண்பா,

கடைமடைக்குத் தண்ணீர் வராத நாள்களை நான் பதிந்து வைத்த தொகுப்பை வட்டாட்சியர் அலுவலகம் இன்று காலை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டது. ஒவ்வொரு பதிவின்கீழும் ஒரே குறிப்பு: கையொப்பம் இல்லை. வந்ததும் உன் மடிக்கணினியைத் திறந்து, நீ எழுதித் தந்த பதிவு மென்பொருளின் அமைவுக் கோப்பைப் பார்த்தேன். நான் எழுதிய 'ஆம்' அங்கேயே இருக்கிறது.

யார், எந்த நாளில், எதை எழுதினார், எதை மாற்றினார் என்பதை மறவாமல் காக்கும் மென்பொருள் அது. மதகில் நாள்தோறும் நீர்மட்டம் பார்த்து நான் எழுதுவேன். எனக்கென நீ உருவாக்கிய மறைகுறித் திறவுகோல் ஒவ்வொரு பதிவிலும் கையொப்பமிடும். பின்னர் எவர் கைவைத்தாலும் தெரிந்துவிடும். கையொப்பம் வேண்டுமா என்னும் வரிக்கு எதிரே ஆங்கிலத்தில் 'ட்ரூ' என்று எழுதச் சொன்னாய். நான் 'ஆம்' என்று எழுதினேன். பிழை என்று அறிவித்து அது நின்றுவிட்டது.

"தமிழ் பிழையா?" என்று பாபநாசத்து உன் வீடு அதிர முழங்கினேன்.

"டேய், மைக் இல்லாத எடத்துலயும் இப்படியா? தெரியாத சொல் வந்தா நிக்கணும்டா. நிக்கறதுதான் அதோட வேலை."

"தமிழன் வயலுக்குத் தமிழறியாக் காவலா?"

நீ சிரித்துவிட்டாய். "ஆளை விடுடா சாமி. சரிபார்க்கறத இப்போதைக்கு எடுத்துடறேன். தமிழ்ச் சொல்லை அடுத்த வாரம் சேத்துக்கலாம்."

அடுத்த வாரம் உன்னை அடக்கம் செய்தோம்.

சரிபார்ப்பை இழந்த மென்பொருள், புரியாத என் 'ஆம்' என்பதை 'வேண்டாம்' என்றே கொண்டது. மூன்று ஆண்டுக் குறுவைப் பதிவுகளையும் கையொப்பமின்றி, ஒரு சொல்லும் சொல்லாமல் வாங்கிக்கொண்டது. நானோ, கணினியையும் தமிழுக்குப் பணியவைத்தேன் என்று மேடைதோறும் மார்தட்டினேன்.

அலுவலர் குரலை உயர்த்தவே இல்லை. "அய்யா, இதையெல்லாம் நேத்து உக்காந்து எழுதலைன்னு நான் எப்படிங்க நம்பறது?"

இன்று இடும் கையொப்பம் இன்றைக்கு மட்டுமே சான்று. காய்ந்த பயிருக்கு இழப்பீடு கேட்க அந்தக் கடைமடை ஊருக்கு வேறு சான்றும் இல்லை.

நீ எடுத்த சரிபார்ப்பை ஓர் இளம்பொறியாளரைக் கொண்டு மீண்டும் சேர்த்துவிட்டேன். என் சொல்லை உடனே மறுத்தது. 'ட்ரூ' என்று திருத்தினேன். இனி எழுதுபவற்றில் கையொப்பம் இருக்கும். மடிந்த குறுவைகளுக்கு அது எட்டாது.

நாளை ஊர்க்கூட்டம். அலுவலகத்தின்மீது நான் இடிபோல் முழங்குவேன் என்று காத்திருக்கிறார்கள். தவறு என்னுடையது என்னும் ஒற்றை வரியைத்தான் சுமந்து போகிறேன். அதை எந்த அடுக்குமொழியில் வைத்தாலும் நிற்க மறுக்கிறது.